கடல் கடந்த உழவர்



காவிரி பாயும் திருவையாற்று மண்ணில் நாம் உழுதோம், நட்டோம், அறுத்தோம். ஆயினும் களத்தில் குவிந்த நெல் நமதன்று. அடிமை முறைக்கு 1843இல் சட்ட ஏற்பு நீங்கிய பின்னும் பண்ணையாள் வாழ்வு நீங்கவில்லை. தஞ்சைத் தரணியிலிருந்தும் தமிழகத்தின் பிற பகுதிகளிலிருந்தும் கடல் கடந்து பிழைக்கச் சென்றோர் பலர்.

சென்னையிலிருந்து 342 பேருடன் புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை அந்நேட்டால் நாட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் நம் மக்களும் இருந்தனர். கப்பல் பதிவேட்டில் பெயர், வயது, ஊர் ஆகியவற்றோடு சாதியும் எழுதப்பட்டது. கடலைக் கடந்தும் அந்த எழுத்து உடன் சென்றது!

ஐந்தாண்டுகள் கரும்புத் தோட்டத்தில் உழைத்த பின், பலர் சிறுநிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்டு டர்பன் சந்தையில் விற்றனர். தம் உழைப்பின் பயனைத் தாமே கண்டனர். அதனைப் பொறாத வெள்ளையர் அரசு, மீண்டும் ஒப்பந்தத்துக்கு உட்படாமலும் தாயகம் திரும்பாமலும் தங்கியோர்மீது ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதிக்க 1895இல் சட்டம் இயற்றியது. 1913இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1914இல் அவ்வரி ஒழிந்தது. அரைவயிற்றுக் கஞ்சி குடித்த அம்மக்கள் காசு சேர்த்துப் பள்ளிகளும் எழுப்பினர்.

இளைஞர்களே! அவர்கள் ஊரை விட்டுப் பெற்ற நிலத்தையும் கல்வியையும் நாம் ஊரில் இருந்தே பெறுதல் வேண்டும். இவ்வெள்ளி விழா நமக்கு உணர்த்தும் கடமை இதுவே.