சூரியன் கணக்கில் பூக்கிற செடி, சந்திரன் கணக்கில் வருகிற தசரா



மைசூரில் நர்சரி நடத்துகிற யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, "அடுத்த தசரா என்றைக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். காலண்டரைப் புரட்டாமல் தேதி சொல்வார்கள். 2023இல் விஜயதசமி அக்டோபர் 24. 2024இல் 12. 2025இல் காந்தி ஜயந்தியன்றே வந்துவிட்டது. இந்த 2026இல் அக்டோபர் 20ஐ ஒட்டி. மற்றவர்களுக்கு இது விடுமுறைத் தேதி. எங்களுக்கு, வருஷம் முழுக்கச் செய்கிற வேலைக்கு எண்ணத் தொடங்குகிற புள்ளி.

எங்கள் நர்சரியைத் தொடங்கியவர் தாத்தா. பிறகு அப்பா, அத்தை. இப்போது அண்ணனும் நானும். ஒரு குடும்பம் இத்தனை காலம் செடி வளர்த்து விற்றுப் பிழைத்த கதையைச் சொல்லும்படி வானொலி நிலையத்தார் கேட்டார்கள். நிலம் வாங்கியது, கடன் அடைத்தது எல்லாம் எந்தத் தொழிலிலும் உள்ள கதைதான். நான் சொல்ல ஆசைப்படுவது வேறு. எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய இரண்டு காலண்டர்களைப் பற்றி.

ஒன்று தமிழ்த் தினசரி காலண்டர். ஊரிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். இன்னொன்று ஒண்டிக்கொப்பல் பஞ்சாங்கம். மைசூர்க்காரர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. தாத்தா விதைப்பதற்கும் பதியன் போடுவதற்கும் தமிழ் மாதம் பார்ப்பார். பண்டிகைக்குப் பஞ்சாங்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தையிலேயே உட்கார்ந்து கணக்குப் போடுவார்.

காரணம் இதுதான். தமிழ் மாதம் சூரியனை வைத்துப் போவது. ஆடி ஒன்று எந்த வருஷமானாலும் ஜூலை 17ஐ ஒட்டியே வரும். தசரா சந்திரனை வைத்து வருவது. பன்னிரண்டு சந்திர மாசம் சேர்ந்தாலும் சூரிய வருஷத்தைவிட ஏறத்தாழ 11 நாள் குறைச்சல். அதனால் தசரா ஒவ்வொரு வருஷமும் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். அப்புறம் ஒரு அதிக மாசம் வந்து அதை ஒரேயடியாகப் பின்னால் தள்ளும். இந்த வருஷம் மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை அதிக ஜ்யேஷ்டம் வந்தது. அதனால்தான் போன வருஷம் புரட்டாசி நடுவில் வந்த விஜயதசமி, இப்போது ஐப்பசிக்குப் போய்விட்டது.

பெங்களூரு லால்பாகில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை பாருங்கள். அங்கே கண்ணாடி மாளிகையில் பெரிய மலர்க்கண்காட்சிகள் குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் நடக்கின்றன. ஜனவரி 26, ஆகஸ்ட் 15. நகராத தேதிகள். எங்கள் ஊரில் கண்காட்சி குப்பண்ணா பூங்காவில், தசராவோடு. தசரா நகர்ந்தால் நாங்களும் நகர வேண்டும். ஆனால் செடி நகராது. செடிக்குத் தெரிந்தது சூரியன் மட்டும்.

செண்டுமல்லி கொஞ்சம் வளைந்துகொடுக்கும். விதை போட்டதிலிருந்து அறுபது, அறுபத்தைந்து நாளில் பூக்கும். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை நிறைய வரும், பூ பத்து நாள் தள்ளும். நவராத்திரி தொடங்குகிற நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைத்தால் போதும். இந்த வருஷம் நவராத்திரி அக்டோபர் 11இல் தொடக்கம். ஆகவே ஆடி பத்தை ஒட்டிக் குழித்தட்டில் விதை. போன வருஷம் இதே வேலையை ஆனி கடைசி வாரத்திலேயே முடித்திருந்தோம். கோழிக்கொண்டைக்கும் சால்வியாவுக்கும் நாள் மாறுமே தவிர, எண்ணுகிற முறை இதேதான்.

சாமந்தி அப்படி இல்லை. என் உயிர் அங்கேதான் இருக்கிறது. மீதி நேரத்தில் பெரும்பகுதியை அதற்கே கொடுத்துவிடப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாமந்தி நாளை எண்ணுவதில்லை. இரவை அளக்கிறது. இரவு நீளமானால்தான் அதன் நுனி இலை விடுவதை நிறுத்தி மொட்டுக் கட்டத் தொடங்கும். மைசூர் 12 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. இங்கே ஆனி மாதத்து மிக நீண்ட பகலுக்கும் மார்கழியின் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். நமக்கு அது உறைப்பதே இல்லை. இந்தச் செடி அதைக் கவனிக்கிறது. எங்கள் பக்கத்துப் பழைய ரகங்கள் தானாக விட்டால் கார்த்திகை, மார்கழியில்தான் முழுசாக விரியும். தசராவோ அதற்கு முன்னாலேயே வந்து போய்விடும்.

என்ன செய்வது? இரவைக் கூட்ட வேண்டியதுதான். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாத்தி முழுவதையும் கறுப்புத் துணியால் மூடுகிறோம். காலை ஏழு மணிக்கு எடுக்கிறோம். பதினான்கு மணி நேர இருட்டு. மொட்டில் நிறம் தெரிகிறவரை நாள் தவறாமல் இது நடக்க வேண்டும். மூடத் தொடங்கியதிலிருந்து பூ விரிய ரகத்தைப் பொறுத்து எட்டு, ஒன்பது வாரம். இந்த வருஷம் ஆடி இருபத்துநான்கு வாக்கில் துணி ஏறப்போகிறது. அதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே நுனி கிள்ளுவதை நிறுத்திவிட வேண்டும்.

இதற்கு நேர் எதிரான வேலையையும் நீங்கள் பார்த்திருக்கலாம். இரவு பஸ்ஸில் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமோ சிக்கபள்ளாப்பூர்ப் பக்கமோ போகும்போது வயலெல்லாம் பல்பு எரியும். கல்யாண வீடு என்று நினைத்துவிடாதீர்கள், சாமந்தி வயல்! அங்கே செடி உயரமாக வளரும் முன்னே மொட்டு வைத்துவிடக் கூடாது என்று இரவை வெளிச்சத்தால் வெட்டுகிறார்கள். அவர்கள் இரவைக் குறைக்கிறார்கள், நாங்கள் கூட்டுகிறோம்.

வெளிச்சம் என்றதும் ஒரு சம்பவம் ஞாபகம் வருகிறது. அப்பா காலத்தில் ஒரு வருஷம், மதில் ஓரத்து இரண்டு வரிசை மட்டும் மொட்டு வைக்கவில்லை. அதே தாய்ச்செடியிலிருந்து எடுத்த போத்து, அதே மண், அதே எரு. உள்வரிசை எல்லாம் பட்டாணி அளவு மொட்டோடு நிற்க, இந்த இரண்டும் கரும்பச்சையாக இலையை விட்டுக்கொண்டே போயின. மருந்து அடிக்கலாம் என்றார் ஒருவர், உரம் போதவில்லை என்றார் இன்னொருவர். அப்பா எதையும் செய்யவில்லை. ராத்திரி பத்து மணிக்கு ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அந்த வரிசையோரம் உட்கார்ந்தார். தெருவில் புதிதாக ஒரு விளக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். அதன் வெளிச்சம் மதிலைத் தாண்டி, துணியின் ஓரம் தரையோடு சேராமல் தூக்கியிருந்த இடத்தில், ஒரு சாண் அகலத்துக்கு உள்ளே விழுந்துகொண்டிருந்தது. ஒரு சாண்தான்! மறுநாள் மதில்மேல் தட்டி கட்டினோம். அந்த இரண்டு வரிசையும் பூத்தன, தீபாவளிக்கு.

நேயர்களே, உங்கள் வீட்டு பால்கனியில் சாமந்தி தளதளவென்று வளர்ந்து பூக்கவே இல்லையென்றால், உரக்கடைக்குப் போகும் முன் ராத்திரியில் அங்கே ட்யூப்லைட் எரிகிறதா என்று பாருங்கள். தொட்டியை இருட்டான பக்கம் நகர்த்தி வையுங்கள். ஜெயலட்சுமிபுரத்திலிருந்து வருகிற ஒரு அம்மாவுக்கு இதைத்தான் சொன்னேன். கார்த்திகையில் பூவோடு வந்து, கோயில் பிரசாதம் கொடுப்பதுபோல் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

குடும்பத் தொழில் என்பதன் அர்த்தம் எனக்கு இந்தக் கறுப்புத் துணியில்தான் விளங்கியது. ஐந்து மணி என்றால் ஐந்து மணி. ஞாயிற்றுக்கிழமை கிடையாது, காய்ச்சல் கிடையாது. வேலைக்கு வருகிறவர்களுக்கு வீடு வாசல் இருக்கிறது, அவர்களை எல்லா நாளும் நிறுத்திவைக்க முடியாது. யாராவது வீட்டு ஆள் இருந்தாக வேண்டும். அத்தைக்கு ஆவணியில் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் பெண் அழைப்பு. மண்டபத்துக்கு வேன் வந்து நிற்கிறது. பட்டுப்புடவைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டு, பின்னலில் பூவோடு, அத்தை ஒரு பக்கம் பிடிக்க, தாத்தா மறுபக்கம் பிடிக்க, கடைசி வரிசையை மூடிவிட்டுத்தான் வேனில் ஏறினார்கள். அந்த அத்தைதான் பிறகு மாமாவோடு இங்கேயே வந்து தங்கி, போத்து வெட்டுகிற வேலை முழுவதையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். நான்கு விரற்கடை நுனி, கணுவுக்குச் சற்றுக் கீழே ஒரே வெட்டு, கீழிலை இரண்டைக் கிள்ளி, ஈர மணலில் செருகி விரலால் அழுத்துவார். இரண்டு வாரம் கழித்து மெல்ல இழுத்துப் பார்ப்பார். பிடிமானம் தெரிந்தால் வேர் விட்டாயிற்று.

பசுமைக்குடில் பற்றியும் இரண்டு வார்த்தை. குளிர்நாடுகளில் வெப்பத்தை உள்ளே வைத்துக்கொள்ளக் கண்ணாடி வீடு கட்டினார்கள். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. இங்கே பாலித்தீன் கூரை முக்கியமாக மழைக்கு. மைசூரில் அக்டோபர் மழை கனமாகப் பெய்யும். விரிந்த சாமந்திமேல் இரண்டு நாள் மழை நின்றால் இதழ் பழுப்பாகி அழுகிவிடும், மூன்று மாத வேலை போச்சு. ஆகவே எங்கள் குடில் பக்கவாட்டில் திறந்தே இருக்கும், கூரை மட்டும் போதும். அந்தக் கூரையும் வெயிலில் மூன்று நான்கு வருஷத்தில் நைந்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதை மாற்றுகிற செலவை முதல் நாளிலேயே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். மண்கலவை, வியாபாரம் பற்றியெல்லாம் பேச இன்று நேரமில்லை.

ஒருவரைச் சொல்லாமல் போக மனமில்லை. குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பீகல். ஜெர்மன்காரர். லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பழகி, 1893இல் பரோடாவுக்கு வந்து, 1908இல் மைசூர் சமஸ்தானத்தின் லால்பாக் பொறுப்புக்கு வந்தவர். 1932 வரை இருந்தார். கிருஷ்ணராஜ சாகர் அணைக்குக் கீழே பிருந்தாவன் தோட்டம் அமைந்ததில் அவர் கை உண்டு. பெங்களூருத் தெருக்களில் ஒரு மரம் பூத்து முடிகிறபோது அடுத்தது பூக்கத் தொடங்கும்படி, வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று பூத்திருக்கும்படி மரங்களைத் தேர்ந்து நட்டவர் என்று அவரைப் போற்றுகிறார்கள். அதுவும் கால அட்டவணைதான். எங்கள் அட்டவணை மூன்று மாதத்துக்கு, அவருடையது ஐம்பது வருஷத்துக்கு. எனக்கு அவர்மேல் அவ்வளவு மரியாதை.

2020ஐயும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷமும் அதிக மாசம், விஜயதசமி அக்டோபர் 26. கொரோனாவால் தசரா யானை ஊர்வலமான ஜம்பு சவாரி அரண்மனை வளாகத்துக்குள்ளேயே நடந்தது. ஊரில் கூட்டம் இல்லை, செடிகள் மட்டும் சரியான நாளில் பூத்து நின்றன. அப்பா டாடா ஏஸ் வண்டியில் ஏற்றி சரஸ்வதிபுரம், குவெம்பு நகர் என்று தெருத்தெருவாகக் கொண்டுபோனார். வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த ஜனங்கள் வாசலுக்கு வந்து வாங்கினார்கள். அன்றைக்கு ஒரு தொட்டி வாங்கியவர்களில் பலர் இன்றும் எங்களிடம் வருகிறார்கள். என்னிடம் கேட்டால், எங்கள் கடைக்குப் பலம் இந்த மனுஷர்கள்தான். பூத்த நிலையில் லாரியில் வந்து இறங்குகிற செடியை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். அது ஏன் பூத்தது, அடுத்த வருஷம் எப்போது பூக்கும் என்று சொல்ல, அதை வளர்த்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நேரம் முடிகிறது என்று ஜன்னல் வழியாகக் கை காட்டுகிறார்கள். சட்டென்று சொல்லிவிடுகிறேன். போன தசராவில் வாங்கிய சாமந்தித் தொட்டி மொட்டை மாடியில் காய்ந்த குச்சியாகக் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடியில் பக்கக் கன்று வந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் பழைய தண்டை வெட்டிவிட்டு, கன்றுகளைப் பிரித்து, செம்மண்ணும் மக்கிய எருவும் மணலும் கலந்த புதுத் தொட்டியில் நடுங்கள். இப்போது நட்டால் தசராவுக்கு வராது. கார்த்திகை தீபத்தை ஒட்டிப் பூக்கும். அப்படிப் பூத்தால் நிலையத்துக்கு ஒரு கார்டு போடுங்கள், எனக்கு வந்து சேரும். அக்டோபர் 11க்குப் பிறகு மைசூர் வருகிறவர்கள் அரண்மனை விளக்குகளைப் பார்க்கிற அதே நாளில் குப்பண்ணா பூங்காவுக்கும் ஒரு நடை போய்வர வேண்டும் என்பது என் ஆசை. அங்கே தொட்டிகளில் நிற்கிற சாமந்திகளை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்.