தறிக்கூடத்துப் படபடப்பும் தலைவலியும்

(குமாரபாளையம் வட்டார ஊராட்சி உறுப்பினர்கள், உழவர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்முடைய கூட்டங்களில் குடிநீர், சாலை, தெருவிளக்கு, வாய்க்கால் ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசுகிறோம். சுகாதாரம் என்றால் கொசு ஒழிப்பையும் தடுப்பூசியையும் பேசுகிறோம். உழைக்கும் மனிதனின் உள்ளத்தில் உண்டாகும் அச்சத்தைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. அதைப் பேசுவது இழிவு என்னும் எண்ணமே இதற்குக் காரணம். இன்று அதைப் பற்றியே சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

குமாரபாளையம் காவிரியின் கரையில், பவானிக்கு எதிரே அமைந்த நெசவு நகரம். சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் தறியோசை கேளாத தெரு குறைவு. தகப்பனார் கரும்புக்கு நீர் பாய்ச்சச் செல்வார்; மகன் விசைத்தறி ஓட்டுவான்; மருமகள் தார் சுற்றுவாள். எனவே தறிக்கூடத்தின் துன்பம் உழவர் வீட்டின் துன்பமுமாகும்.

நோயின் இயல்பு

இரவு ஷிப்டில் தறி ஓட்டும் இளைஞர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அறுந்த இழையை முடிந்துகொண்டிருக்கையில், யாதொரு காரணமும் இன்றி நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, மூச்சு முட்டுகிறது, கைவிரல்கள் மரத்துப்போகின்றன, வியர்வை பெருகுகிறது, "இதோ உயிர் போகிறது" என்னும் திகில் பிடித்துக்கொள்கிறது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்கின்றனர். இதயத்தைச் சோதித்து, "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுகின்றனர். பத்து நாள் சென்று மீண்டும் வருகிறது. இப்பொழுது, "வேலைக்கு அஞ்சி நடிக்கிறான்" என்பார் சிலர். "காற்றுக் கருப்பு அடித்துவிட்டது" என்பார் வேறு சிலர்.

இரண்டும் தவறு. இது பீதித் தாக்கு என்னும் நோய். ஆபத்து நேரும்போது நாம் ஓடவோ எதிர்க்கவோ உதவும்பொருட்டு, அட்ரினலின் என்னும் சுரப்பு உடலில் பாய்கிறது. பாம்பைக் கண்டவுடன் நெஞ்சு அடித்துக்கொள்வது இதனால்தான். பாம்பே இல்லாதபோது அதே சுரப்பு பாய்வதுதான் பீதித் தாக்கு. அச்சத்தால் மூச்சை வேகமாக வாங்குவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனாலேயே தலைசுற்றலும் விரல் மரப்பும் உண்டாகின்றன. இத்தாக்கு பெரும்பாலும் பத்து நிமிடத்திற்குள் உச்சமடைந்து, அரை மணிக்குள் தணிந்துவிடும். துன்பம் மெய்; ஆனால் இத்தாக்கினால் உயிர் போவதில்லை. இந்த ஓர் உண்மையை அறிவதே பாதி மருந்து.

தலைவலி

மன இறுக்கத்தால் வரும் தலைவலி, தலையைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டியதுபோல் இருபுறமும் இருக்கும். பிடரியும் தோளும் கடுக்கும். குனிந்த தலை, உறக்கக் குறைவு, வேளை தவறிய உணவு, நீர் அருந்தாமை, இடைவிடாத இரைச்சல் ஆகியவை இதை வளர்க்கும். விசைத்தறிக் கூடங்களில் ஓசை 90 டெசிபலுக்கு மேற்செல்வது வழக்கம். அத்தகைய ஓசை காதை மட்டுமன்றி நரம்பையும் வாட்டுகிறது.

இதற்குக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவோர் பலர். மாதத்தில் பத்துப் பதினைந்து நாள் அவ்வாறு விழுங்கினால், அம்மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும் என்பதை மறக்கலாகாது.

எல்லாத் தலைவலியும் மன இறுக்கமன்று. இதுவரை காணாத கடுமையுடன் திடீரெனத் தோன்றும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், பேச்சுக் குழறல், தலையில் அடிபட்டபின் வரும் வலி ஆகியவற்றுக்கு உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். நெஞ்சுவலி முதன்முறை வந்தால், அது படபடப்புத்தான் என்று நாமே முடிவு செய்யாமல் இதயத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். பூச்சிமருந்து தெளித்தபின் தலைவலியும் வியர்வையும் வாந்தியும் கண்டால் அது நஞ்சேறிய அடையாளமாக இருக்கலாம். மருந்துப் புட்டியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

கடன் என்னும் வேர்

மனிதனின் மனத்தை மட்டும் குறைகூறுவது நீதியன்று. பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதித் தறிக்கூடங்களில் முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்குச் சேரும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. திருமணத்திற்கோ மருத்துவத்திற்கோ வாங்கிய தொகை தீரும்வரை வேறிடம் செல்ல இயலாது என்று தொழிலாளி எண்ணுகிறார். கூலியோ நெய்த அளவுக்கு. ஒரு நாள் படுத்தால் கூலி இல்லை. கூலி இல்லையேல் கடன் ஏறும். கடன் ஏற அச்சம் ஏறும். அச்சம் ஏற உறக்கம் போகும். உறக்கம் போனால் மறுபடியும் படுக்கை. செக்குமாடுபோல் மனிதன் இதனையே சுற்றிவருகிறான். அச்சத்தை மறக்கக் குடிப்பவருக்கு, போதை தெளிந்ததும் படபடப்பு மேலும் கூடுகிறது.

முன்பணத்தைக் காட்டி ஒருவரைக் கட்டாயமாக வேலை வாங்குவதை 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் தடை செய்துள்ளது. அவ்வாறு கட்டுண்டவர் மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ முறையிடலாம். இதை ஊரார் அறியச் செய்வதும் ஒரு மருத்துவமே.

செய்யத்தக்கவை

படபடப்புத் தோன்றியவுடன் தறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். நான்கு எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். ஐந்து நிமிடம் இவ்வாறு செய்க. "இது வரும், உச்சமடையும், போய்விடும்" என்று மனத்திற்குச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் கூட்டம் கூட்டாமல், உடன் அமர்ந்து மூச்சை எண்ணிக் கொடுத்தால் போதும். அடிக்கடி வருமாயின் மருத்துவரை நாட வேண்டும். பேச்சுமுறைச் சிகிச்சையும் மருந்தும் இதற்கு உண்டு. மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகும். நடுவில் தாமே நிறுத்தலாகாது. கோயிலுக்குச் செல்வதை நாம் தடுக்கவில்லை. மருத்துவரிடமும் செல்க என்றே வேண்டுகிறோம்.

தறி உரிமையாளர்கள் காதடைப்பான் வழங்குதல், குடிநீர் வைத்தல், ஷிப்டின் நடுவே சிறிது ஓய்வு அளித்தல், இரவு வேலையை ஒருவருக்கே தொடர்ந்து தராமை ஆகியவற்றைச் செய்தல் வேண்டும். இளைப்பாறிய கை நெய்யும் துணியில் பழுது குறையும். ஆகவே இது அவர்களுக்கும் நன்மையே.

1980களில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் பெல்லாரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி அளித்து, மன நோய்க்கு ஊரிலேயே மருத்துவம் செய்ய இயலும் என்று காட்டியது. அவ்வழியிலேயே 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் அது முதலில் திருச்சி மாவட்டத்தில் வந்தது. அரசு மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையில், 14416 என்னும் எண்ணை அழைத்து, எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் ஆலோசனை பெறலாம்.

2015–16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் மருத்துவம் பெறவில்லை. இவர்கள் எங்கோ இருப்பவர் அல்லர். நம் தெருவில் இருப்பவர்கள்.

ஊராட்சி உறுப்பினர்களை மூன்று செயல்கள் வேண்டுகிறோம். மனநல மருத்துவர் அரசு மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கும் நாளைக் கேட்டறிந்து, 14416 என்னும் எண்ணுடன் அலுவலகப் பலகையில் எழுதி வையுங்கள். கிராம சபையில் சுகாதாரப் பணியாளர் ஒருவரை இதைப் பற்றிப் பேச அழையுங்கள். முன்பணத்தால் துன்புறும் குடும்பம் எது என்று விசாரித்து, முறையீடு எழுதத் துணை நில்லுங்கள்.

இழை அறுந்தால் எந்த நெசவாளியும் பாவையே வீசி எறிவதில்லை. நிறுத்தி, முடிந்து, மீண்டும் ஓட்டுகிறார். அச்சத்தால் தளர்ந்த மனிதரிடத்தும் அவ்வளவு பொறுமையேனும் காட்டுவோமாக.