கொலுக் குளத்தில் நீர் காட்டும் கலை

வங்கத்தில் துர்க்கை பூஜைப் பந்தல்கள் ஒளி வீசும் அதே நாட்களில், அலிப்பூரிலும் அதற்கு அண்மையிலுள்ள லேக் மார்க்கெட்டுப் பகுதியிலும் தமிழர் இல்லங்களில் நவராத்திரிக் கொலு விளங்குகிறது. படிகளில் பொம்மைகளை வைக்கும் முறையை மரபு வகுத்துவிட்டது. படிகளுக்குக் கீழே தரையில் அமைக்கும் பூங்காவில்தான், குழந்தைகள் ‘பார்க்’ என்று அழைக்கும் அச்சிறு நிலப்பரப்பில்தான், நம் கைத்திறனுக்கு இடமுண்டு. கேழ்வரகையும் கடுகையும் தூவி நீர் தெளித்தால் சில நாட்களில் வயல் எழும்பிவிடும். மண்ணைக் குவித்தால் குன்று. குளம் ஒன்றுதான் எளிதில் வசப்படுவதில்லை.

கல்கத்தாவில் பிறந்து வளரும் குழந்தை திருவாரூர்க் கமலாலயத்தையோ, 1645ஆம் ஆண்டில் திருமலை நாயக்கர் வெட்டுவித்த வண்டியூர்த் தெப்பக்குளத்தையோ விடுமுறையில் என்றோ ஒரு நாள் காணலாம், காணாமலும் போகலாம். பாட்டியின் ஊரில் குளம் எப்படி இருந்தது என்பதை அக்குழந்தை முதன்முதலில் கொலுவில்தான் கற்கிறது. அங்கே நாம் ஒரு நீலத் தாளை விரித்து வைத்தால், தெப்பக்குளம் என்பது நீலத் தாள் போன்றதென்றே அது எண்ணும்.

மெய்யான நீரையே ஊற்றிவிடலாமே என்று கேட்பவர் உண்டு. ஈரம் பட்டால் மண் பொம்மை கரையும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கோபுரத்தையும் படித்துறையையும் நூறில் ஒரு பங்காகக் குறைக்க நம்மால் முடியும். நீரின் இயல்பைக் குறைக்க முடியாது. தட்டில் ஊற்றிய நீர் ஓரங்களில் சற்றே மேலேறி நிற்கும். விரல் உயரமுள்ள பொம்மைக்கு அது கணுக்கால் அளவு! ஒரு துளி சிந்தினால் அது பொம்மையின் தலையளவு இருக்கும். ஆகவே சிறிய உருவங்களுக்கிடையே மெய்ந்நீர் பொய்யாகத் தோன்றுகிறது. பொய்ந்நீரே மெய்யாகத் தோன்றுகிறது. அமெரிக்காவில் மில்வாக்கி நகர அருங்காட்சியகத்துக்காக 1890இல் கார்ல் ஏக்லி நீரெலிகள் வாழும் சதுப்பு நிலக் காட்சியை அமைத்த நாள் முதல், அருங்காட்சியகக் கலைஞர்களும் இந்தப் பொய்ந்நீரைத்தான் தேடி வந்திருக்கிறார்கள்.

நம் வீடுகளில் வழிவழியாகப் பயன்படுவது முகம் பார்க்கும் கண்ணாடி. அது கோபுரத்தின் நிழலை அழகாகக் காட்டும். ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. ரசம் கண்ணாடியின் பின்புறத்தில் பூசப்பட்டிருப்பதால், பொம்மையின் காலுக்கும் அதன் நிழலுக்கும் நடுவே இடைவெளி தெரியும். நீரில் அவ்வாறு தெரிவதில்லை. மேலும், கண்ணாடிக்கு ஆழமும் கிடையாது.

இதனினும் சிறந்த வழி, முதலில் குளத்தின் அடித்தளத்தைச் செய்வது. ஓர் அங்குல ஆழத்துக்குக் குழித்து, படிகளைக் கீழேயும் தொடரவிட்டு, நடுவில் கரும்பச்சையும் கரையருகே வெளிர்மண் நிறமும் தீட்டி, அதன்மேல் ரசம் பூசாத மெல்லிய கண்ணாடித் தகட்டைப் பதிக்க வேண்டும். நிறம் எதுவென்ற ஐயம் எழுந்தால் 1876இல் திறக்கப்பட்ட அலிப்பூர் விலங்குக் காட்சிச்சாலைக்குச் சென்று அங்குள்ள ஏரியைச் சிறிது நேரம் நோக்குங்கள். மரநிழல் விழும் இடத்தில் கருமை, வானம் படும் இடத்தில் வெண்மை, கரையோரத்தில் பழுப்பு. நீலத்தைத் தேடித்தான் காண வேண்டும்.

பார்ப்பவர் கண்ணை நம்பவைப்பது நீரின் நடுப்பகுதியன்று, அதன் ஓரமே. தகட்டின் விளிம்பை மணலாலும் பாசியாலும் மறைக்க வேண்டும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலுள்ள படியில் கருநிறம் தீட்டி, வார்னிஷ் பூசினால் ஈரம் தெரியும். தெப்பத்தின் அடிப்பாகத்தை வெட்டிவிட்டே வைக்க வேண்டும். முழுத் தெப்பத்தை அப்படியே வைத்தால் அது மிதப்பதாகத் தோன்றாது, தரையில் நிற்கும்.

இக்காலத்தில் எபாக்சி பிசினைப் பலர் விரும்புகிறார்கள். இரு திரவங்களைச் சரியான அளவில் கலந்து ஊற்றினால் இறுகிப் பளிங்கு போலாகிவிடும். ஆனால் ஒரே முறையில் மிகுதியாக ஊற்றினால் சூடேறி வெடிப்பு விழும். மெல்லிய அடுக்குகளாகவே ஊற்ற வேண்டும். அடித்தளம் மண்ணாயின் முன்னரே வர்ணம் பூசித் துளைகளை அடைக்காவிட்டால் குமிழிகள் கிளம்பும். கையுறையும் காற்றோட்டமும் இன்றியமையாதவை. குழந்தைகள் அருகில் வரலாகாது. குழந்தைகளை விலக்கிவைக்கும் ஒரு முறை கொலுவுக்கு ஏற்றதாக நமக்குத் தோன்றவில்லை. அதையே விரும்புவோர் தனிப் பலகையில் வார்த்தால், மறுவருடத்துக்கும் பொம்மைகளோடு பரணில் எடுத்து வைக்கலாம்.

அலிப்பூரின் ஓரமாக ஆதிகங்கை ஓடுகிறது. 1770களில் கர்னல் டாலி அதைத் தூர்வாரியதால் அதற்கு டாலி நாலா என்றும் பெயர். ஹூக்ளியின் ஏற்றவற்றத்தை ஒட்டி உயர்ந்தும் தாழ்ந்தும் கரையில் சேற்றுக்கோடு விட்டுச் செல்லும் கலங்கிய நீர் அது. நம் குழந்தைகள் நாள்தோறும் காணும் நீரும் அதுவே. தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு முழ இடம் ஒதுக்கலாம். அதற்குக் கண்ணாடித் தகடு வேண்டியதில்லை. களிமண்ணைச் சமமாகத் தடவி, நன்கு உலர்ந்தபின் மூன்று முறை வார்னிஷ் பூசினால் போதும். சேற்றுக்கோட்டைக் குழந்தைகளே விரலால் இழுத்துவிடுவார்கள்.