இருதயமும் வைட்டமின் புட்டியும்
(கிளைச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பள நாளில் தோட்ட வாசலுக்கு வரும் வியாபாரியை நீங்கள் அறிவீர்கள். "இருதயத்துக்கு நல்லது" என்று வைட்டமின் புட்டிகளை விற்கிறார். சென்ற மாதம் நம் தோழர் ஒருவர் இரண்டு நாள் சம்பளத்தை அவரிடம் கொடுத்தார். அது மட்டுமா? புட்டி வந்துவிட்டதென்று, டாக்டர் கொடுத்த இரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்திவிட்டார்! அதனால்தான் இன்று இதைப் பேச வந்தேன்.

வைட்டமின்களில் ஏ, டி, இ, கே என்னும் நான்கும் கொழுப்பில் கரைபவை. வைட்டமின் சி மிஞ்சினால் சிறுநீரோடு போய்விடும். இவை அப்படியல்ல, ஈரலிலும் கொழுப்பிலும் தங்கும். ஏ அளவு மீறினால் ஈரல் கெடும். டி அளவு மீறினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறிச் சிறுநீரகம் பழுதாகும். கத்தி ஆழப் போனால் பால் கூடுமா? பட்டைதான் கெடும். இதுவும் அப்படியே.

சரி, இருதயத்தையாவது காக்குமா? ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். இருதய நோய் அபாயமுள்ள 9,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த வைட்டமின் இ சோதனையின் முடிவு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது, மாரடைப்பு குறையவில்லை. அமெரிக்காவில் 25,871 பேரிடம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நடந்த வைட்டமின் டி சோதனையிலும் பலனில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 1994இல் வந்தது. உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் மாத்திரையைச் சாப்பிட்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்தது. சிகரெட் பிடிக்கும் தோழர்கள் இதை மறக்க வேண்டாம்.

அப்படியானால் இச்சத்துகள் வேண்டாமா? வேண்டும், சோற்றுத் தட்டிலிருந்து வேண்டும். முருங்கைக்கீரை, பூசணி, முட்டை, மீன் போதும். கீரையைச் சிறிது எண்ணெய் விட்டுத் தாளியுங்கள். அப்போதுதான் சத்து உடலில் சேரும். ஆனால் இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுவோர் கவனிக்க வேண்டும்: கீரையிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் வேகத்தைத் தணிக்கும். ஆகவே கீரையை ஒரேயடியாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்; எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள்.

தோழர்களே! புட்டிக்குக் கொடுக்கும் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பாருங்கள். புகையை விடுங்கள், கருவாட்டையும் உப்பையும் குறையுங்கள். டாக்டர் கொடுத்த மருந்தை அவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். நான் சொன்ன அந்தத் தோழரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். மீண்டும் மாத்திரை சாப்பிடுகிறார்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை தோட்டத்திலேயே இரத்த அழுத்தம் பார்க்க நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டுமென்று இக்கிளை தீர்மானம் நிறைவேற்ற வேண்டுமெனக் கேட்டு, என் உரையை முடிக்கிறேன்.