தோட்டத்து மரத்தில் ஒரு பாய்க்கப்பல்

பேராக் மாநிலத்தின் கமுந்திங் வட்டாரத்தில் வீட்டிலேயே மாதிரிக் கப்பல் கட்ட விரும்புவோருக்கு ரப்பர் மரம் அருமையான மூலப்பொருளாகும்; வெளிர் நிறமுடைய அம்மரத்தில் மாவுச்சத்து மிகுந்திருப்பதால் பூச்சியும் பூஞ்சையும் எளிதில் பற்றும் ஆதலின், போரான் மருந்தேற்றி உலர்த்திய நாற்காலி, மேசைத் துண்டுகளையே அதற்குத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கட்டுவதற்குரிய கப்பலும் தமிழருக்கு உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட, 89 அடி நீளமுடைய 'அன்னபூரணி அம்மாள்' என்னும் இரட்டைப் பாய்மரக் கப்பல், 1938இல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கினால் அதன் மாதிரி சுமார் 54 செ.மீ. நீளமிருக்கும்.

கப்பலின் அடிநெடுமரமாகிய ஏராவின்மீது, விலாவெலும்பு போன்ற வங்குகளை நிறுத்தி, வெந்நீரில் ஊறிய மெல்லிய மரக்கீற்றுகளை வளைத்து ஒட்டி, பசை காயும்வரை துணிக் கவ்விகளால் இறுகப் பிடித்துவைக்க வேண்டும். பாயைத் தாங்கும் குறுக்குக் கழியாகிய பருமலுக்குச் சத்தே குச்சியும், கயிறுகளுக்கு மெழுகு தேய்த்த பருத்தி நூலும் போதும். அக்கீற்றுகளை வங்குகளோடு பிணைக்கும் மர ஆணியைச் செய்யும் முறையே இவ்வேலைகளுள் மிக நேர்த்தியானது: இரும்புத் தகட்டில் படிப்படியாகச் சிறுத்துவரும் துளைகளை இட்டு, அவற்றின் வழியே மூங்கில் சிம்பை வரிசையாக இழுத்தால், அது ஊசியளவு மெலிந்து உருண்டுவிடும்.