மாலைத் தோசையும் மாவுப் பொட்டலமும்

நாலு பங்கு புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு உளுந்தும் சிறிது வெந்தயமும் சேர்த்து ஊறவைத்து, ஆட்டுரலின் முன் அமர்ந்து குழவி சுற்றி, உப்பிட்டுக் கையால் கரைத்து, இரவு முழுதும் பொங்கவிட்டு, மறுநாள் சாயங்காலம் பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் வேளையில் தோசையாக வார்த்த பதார்த்தத்துக்கு, இப்பொழுது தெருமுனைக் கடையின் ஒரு கிலோ பொட்டலமே போதுமென்றாகிவிட்டது. இதில் விசனப்பட ஏதுமில்லை. குழவி சுற்றிய கைகளின் சிரமத்தை, உட்கார்ந்து உண்ட நாம் என்றைக்குக் கணக்கிட்டோம்? கோயம்புத்தூர்க் கிரைண்டர்தான் அதை முதலில் கணக்கிட்டது!

ஆயினும், கடை மாவும் உயிருள்ள வஸ்துவே. அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே வாசம்செய்யும் நுண்ணுயிர்கள், கரியமில வாயுவை உண்டாக்கி மாவைப் பொங்கச்செய்வதோடு, லாக்டிக் அமிலத்தால் புளிப்பும் ஏற்றுகின்றன. உளுந்தின் கொழகொழப்பு அவ்வாயுவைச் சிறைப்பிடித்து வைக்கிறது. குளிர்ப்பெட்டி அந்நுண்ணுயிர்களின் வேகத்தை மந்தப்படுத்துமேயன்றி, அடியோடு நிறுத்துவதில்லை. பொட்டலம் உப்பிக்கொள்வதன் காரணமும் அதுவே. ஆகையால், வாங்கும்போது தேதியைப் பாருங்கள். வீட்டில் இரண்டொரு நாளிருந்து புளிப்பேறிய மாவானால், இட்லிக்கு ஆசைப்படாமல், வெங்காயமும் பச்சைமிளகாயும் பொடியாக அரிந்து தூவி, ஊத்தப்பமாக வார்த்துவிடுங்கள்.