விதியென்று கையொப்பமிடாதீர்!

(குறிகட்டுவானில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கடலைக் கடந்தாலன்றிப் பெரிய வைத்தியசாலைக்கும் கச்சேரிக்கும் செல்ல இயலாத மக்கள் நயினாதீவாரும் நெடுந்தீவாரும். இந்தத் துறையில் படகேறும் ஒவ்வொருவரும் தம் உயிரைப் பிறர் கையில் ஒப்படைத்தே ஏறுகின்றனர். அந்தக் கை கவனந் தவறி ஓர் உயிர் போனால், எஞ்சியோர்க்குச் சட்டம் தருவது என்ன? அதைச் சொல்லவே வந்துள்ளோம்.

2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் நடந்ததை நாம் மறக்கவில்லை. பாலவேலை முடியவில்லை, மக்கள் மிதவைப் படகில் கடந்தார்கள், படகு கவிழ்ந்தது. பள்ளிச் சிறார் உட்பட ஆறு பேர் அன்றே மாண்டனர். படகை நடத்தியோர் கைதாயினர்.

கைதோடு நீதி நிறைந்துவிட்டதா? இல்லை! குற்ற வழக்கு அரசின் வழக்கு. கவனயீனத்தால் மரணம் விளைத்தவருக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கும். அவர் சிறை சென்றால் உங்கள் வீட்டில் உலை கொதிக்குமா? நட்டஈட்டு வழக்கைக் குடும்பமே மாவட்ட நீதிமன்றத்தில் தொடுக்க வேண்டும். அரச ஊழியரின் தவறாயின் அரசையே பொறுப்பாளியாக்க 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்கிறது.

உழைக்கும் தகப்பன் இறந்தால் இழந்த வருமானத்தைக் கணக்கிடலாம். பால்மணம் மாறாத பிள்ளை இறந்தால்? 1992இல் கொழும்பில் இறந்த ஒரு சிறுமியின் தந்தை, வைத்தியக் கவனயீனம் என வழக்காடினார். மாவட்ட நீதிமன்றம் ஐம்பது இலட்சம் ரூபா விதித்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. கவனயீனம் இருந்தது, மரணத்துக்கு அதுவே காரணமென நிரூபிக்கப்படவில்லை என்றது. பெற்றவரின் துயருக்கு எமது உரோமன் டச்சுச் சட்டத்தில் நட்டஈடில்லை என்றும் கூறியது. அந்த இரண்டாவது கதவை 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் திறந்தது. அன்பையும் அரவணைப்பையும் இழந்ததற்கும் இன்று குடும்பத்தார் நட்டஈடு கேட்கலாம்.

ஆனால் முதற் கதவு, காரணத்தை நிரூபிக்கும் கதவு, இன்னும் உங்கள் கையிலேயே இருக்கிறது. மரண விசாரணையில், உடலை விரைவில் பெறவேண்டுமென்று, "எமக்குச் சந்தேகமில்லை" எனக் கையொப்பமிடுகிறோம். ஈமக்கடனுக்கு அவசரம், படகுக்கும் நேரமாகிறது. அந்த ஒரு வரியே நாளை எதிர்த்தரப்பு அப்புக்காத்தின் கையில் ஆயுதமாகும்! வாசிக்காத தாளில் கையொப்பமிடாதீர். ஐயமிருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிரேத பரிசோதனை கோருங்கள். படகில் எத்தனை பேர் ஏறினர், உயிர்காப்பு அங்கி இருந்ததா என்பதைச் சாட்சிகளின் பெயரோடு அன்றே எழுதிவையுங்கள்.

காலவரையறையையும் மறவாதீர். நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு ஆண்டு. அரசுக்கு எதிராயின் வழக்கிடுமுன் ஒரு மாத எழுத்தறிவித்தல் வேண்டும். பொலிஸ் காவலில் நேரும் மரணம்போல் அடிப்படை உரிமை மீறப்பட்டிருப்பின், உயர் நீதிமன்றத்தை நாட ஒரு மாதமே உண்டு. பணமில்லையே என்று ஒதுங்காதீர். சட்ட உதவி ஆணைக்குழு அதற்கென்றே 1978இன் சட்டத்தால் அமைக்கப்பட்டது.

நாம் கேட்பது பழியன்று; பிணத்துக்கு விலையுமன்று. நட்டஈடு கொடுக்க நேருமென்ற அச்சம் இருந்தால்தான் அடுத்த படகில் அங்கி இருக்கும். அளவுக்கு மிஞ்சி ஆளேற்றக் கை கூசும். இறந்தோர்க்காகத் தொடுக்கும் வழக்கு, நாளை படகேறப்போகும் பிள்ளைகளுக்கும் காவல்.